அம்புலி மட்டும் போதுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். சிலம்பும் குறளும் கம்பனும் இம்மேடையில் முழங்கியிருக்கின்றன. இவ்வாண்டு மாதர் குழுவினராகிய யாம் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு வயதுக் குழந்தையும் அதன் விளையாட்டும் ஆகும். 'விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது?' என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் மனம் கோணாதிருக்கும் பொருட்டு யாமும் இலக்கியத்திலிருந்தே தொடங்குகின்றோம்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நாம் அனைவரும் அறிவோம். தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பத்துப் பருவங்களில் பாடுவது அது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் ஆண்பால், பெண்பால் இரண்டிற்கும் பொது. இவற்றுள் முதல் ஆறும் தாய்க்கும் சேய்க்கும் இடையே நிகழ்வன. தாய் காக்க வேண்டுகிறாள், தாலாட்டுகிறாள், கைகொட்டச் சொல்கிறாள், முத்தம் கேட்கிறாள், தளர்நடையிட்டு வருமாறு அழைக்கிறாள். ஏழாவதாகிய அம்புலிப் பருவத்தில் புதியதொன்று நிகழ்கிறது. வானத்து நிலவை நோக்கி, 'இக்குழந்தையோடு விளையாட வா' என்று அழைக்கிறார்கள். குழந்தைக்குத் தாய் மட்டும் போதாத காலம் வந்துவிட்டது. அதற்கு ஓர் ஆட்டத்துணை வேண்டும் என்பதை நம் புலவர்கள் கண்டுகொண்டார்கள்.

அவர்கள் அங்கே நின்றுவிடவும் இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் அம்புலிக்குப் பின் சிற்றில் வருகிறது. சிறுமியர் கூடி மணலில் வீடு கட்டுகிறார்கள். சிறுவன் வந்து காலால் அழிக்கப் பார்க்கிறான். 'அழிக்காதே' என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பெண்பால் பிள்ளைத்தமிழில் தோழியரோடு ஆடும் அம்மானையும் நீராடலும் ஊசலும் வருகின்றன. விண்ணிலிருக்கும் நிலவை அழைத்த குழந்தை, அடுத்த பருவத்தில் அண்டை வீட்டுப் பிள்ளைகளின் நடுவே வந்து சேர்ந்துவிடுகிறது. வளர்ச்சி என்பது அதுதான்.

இப்போது நம் குடியிருப்புக்கு வருவோம். நம் குழந்தைகளில் எத்தனை பேர் அம்புலிப் பருவத்தைக் கடந்து சிற்றில் பருவத்துக்கு வந்திருக்கிறார்கள்? உண்மையைச் சொன்னால், நம் பிள்ளைகள் பலர் நிலவை அழைத்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அந்நிலவும் இன்று கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, இரண்டு வயதுக் குழந்தை திரையின்முன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும், அதிலும் குறைவாயிருப்பதே நன்று என்றும் கூறுகிறது. ஓடியாடும் நேரம் நாள் முழுவதிலுமாக மூன்று மணியாவது இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. நம் வீடுகளில் இக்கணக்கு பெரும்பாலும் தலைகீழாக இருப்பதை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் இங்கு வந்த வகையை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சிற்றூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை போன்ற ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைவதற்கு முன்பிருந்தே அவர்கள் அம்மண்ணுக்கு உரியவர்கள். அங்கே தெருவெல்லாம் உறவு. குழந்தை வாசற்படி தாண்டினால் மாமன் மகனோ அத்தை மகளோ எதிர்ப்படும். நாமோ பணியின் பொருட்டுத் தேனி, திருநெல்வேலி, கோவை, சேலம் எனப் பல திசைகளிலிருந்து வந்து கூடியவர்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும் புகைவண்டித் துறையிலும் மின்வாரியத்திலும் பணியாற்றுகின்றோம். நம் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன, கதவுகள் சாத்தியிருக்கின்றன.

நம்மில் சிலர்க்கு இடுக்கி மலைகளில் உற்றார் உண்டு. தேவிகுளம், மூணாறு, பீருமேடு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக உழைத்து வருகிறார்கள். அங்குள்ள லயங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒரே கூரையின்கீழ் வரிசையாகச் சிறு வீடுகள். அவற்றின் முன்னே ஒரே முற்றம். அவ்வாழ்வின் நெருக்கடியையும் வறுமையையும் அழகென்று புகழ்வது எம் நோக்கமன்று. ஆனால் அம்முற்றத்தில் ஒரு குழந்தை தனித்திருப்பது அரிது. மேலும், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. தாய் கொழுந்து பறிக்கச் சென்றபோது சேய் பிற சேய்களோடு இருந்தது.

பீருமேட்டுப் பகுதியில் 2000ஆம் ஆண்டையொட்டிச் சில தோட்டங்கள் மூடப்பட்டபோது அங்கு வேலையோடு இத்தகைய வசதிகளும் குலைந்தன. உடும்பன்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களின் நிலை வேறு. கம்பம், போடி ஆகிய ஊர்களைச் சார்ந்த பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி வந்து, மாலையில் இறங்கிச் செல்கிறார்கள். அவர்களுடைய சிறு குழந்தைகள் பாட்டியிடமும் ஊர்ப் பால்வாடியிலும் இருக்கின்றன. ஆகவே, குழந்தைக்குக் கூட்டு தேடும் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மலையிலுள்ள தாய்க்கு நேரமில்லை. நம்மில் பலர்க்கு நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, அண்டை வீட்டில் குழந்தையும் இருக்கிறது. நம்மைத் தடுப்பது யாது?

இவ்வினாவுக்கு விடையாக, நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விரும்புகின்றோம். குடும்பத்தாரின் இசைவோடுதான் கூறுகின்றோம், பெயர் வேண்டாம்.

இரண்டு வயதும் மூன்று திங்களும் ஆன ஆண்குழந்தை. தந்தைக்கு முறைவேலை, இரவில் பணி முடித்துப் பகலில் உறங்குவார். அவர் உறக்கம் கெடலாகாது என்று தாய் குழந்தையை உள்ளறையில் கைப்பேசியோடு அமர்த்தி வைப்பார். ஒரு நாள் உறவினர் தம் குழந்தையோடு வந்தனர். இவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தான். வெளியே அழைத்து வந்தபோது, எதிரேயிருந்த குழந்தையைப் பொம்மை என்று எண்ணியவன்போல் அதன் கண்ணில் விரலை வைத்துப் பார்த்தான். அக்குழந்தை அலறியது, இவனும் அஞ்சி அலறினான். தாய் கலங்கிப்போனார். பிள்ளைக்கு ஏதோ குறை என்று எண்ணி மருத்துவரிடம் கொண்டு சென்றார். மருத்துவர் செவிப்புலனையும் பேச்சையும் நடையையும் ஆய்ந்து பார்த்துவிட்டு, 'குறையொன்றும் இல்லை. இவனுக்கு மருந்து வேண்டாம், பிள்ளைகள் வேண்டும்' என்று கூறி அனுப்பினார்.

பிள்ளைகளுக்கு எங்கே போவது? நகரத்தில் ஒரு விளையாட்டுப் பள்ளியை நாடினர். கட்டணமும் வண்டிச் செலவும் கூட்டிப் பார்த்தால் தந்தையின் ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். திரும்பி வந்தனர். அன்று மாலை குழாயடியில் அத்தாய் கண்ணீரோடு சொன்னதைக் கேட்டபோதுதான், மாதர் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை கோலப்போட்டி நடத்தும் எமக்கு வெட்கம் வந்தது.

நான்கு வீட்டார் கூடினோம். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி முதல் பதினொன்றரை வரை, ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டுவது என்று முடிவு செய்தோம். செலவில்லை என்று மகிழ்ந்தோம். ஆனால் நான்காம் வாரமே அது நின்றுபோயிற்று. ஏன் தெரியுமா? முதல் வீட்டில் கேசரியும் காப்பியும் கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டில் வடையும் சேர்ந்தது. மூன்றாம் வீட்டில் பூரிக்கிழங்கு. நான்காம் வீட்டுச் சகோதரி, மாதக் கடைசியில் அதற்கு ஈடு செய்ய இயலாமல், 'ஊரிலிருந்து விருந்தினர் வருகின்றனர்' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். விருந்தோம்பல் நம் குடிப்பண்பு, ஐயமில்லை. ஆனால் குழந்தைகளின் பெயரால் தாய்மார்கள் ஒருவர்க்கொருவர் விருந்து வைத்துப் போட்டியிட்டோம். செலவில்லாத ஒன்றைச் செலவுடையதாக்கியவர்கள் நாமே.

மீண்டும் தொடங்கியபோது ஒரு விதி செய்தோம். எந்த வீடாயினும் தண்ணீரும் வாழைப்பழமும் மட்டும். தாய்மார்க்கு ஒன்றும் இல்லை. அவ்விதியே எம் கூட்டத்தைக் காப்பாற்றி வருகிறது. விளையாட்டுப் பொருள்களும் விலைக்கு வாங்கியவை அல்ல. ஒரு பழைய கோரைப்பாய், நான்கைந்து எவர்சில்வர் கிண்ணங்கள், மூடிகள், மரக்கரண்டி, பழந்துணியால் கட்டிய பந்து, அட்டைப்பெட்டிகள், சலித்த மணல் ஒரு தட்டு, இவ்வளவே. யாராவது ஒருவர் பாடுவார்; கைவீசலும் சாய்ந்தாடலும் நம் பாட்டிமார் நமக்கு விட்டுச்சென்ற செல்வமன்றோ?

தொடக்கத்தில் எமக்கு ஏமாற்றமே மிகுந்தது. பிள்ளைகள் கூடி விளையாடவில்லை. ஒன்று கிண்ணத்தைத் தட்டும். மற்றொன்று முதுகைக் காட்டிக்கொண்டு மணலைக் கிளறும். 'இதற்கா இத்தனை பாடு?' என்று நினைத்தோம். பிறகு படித்தறிந்தோம். மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், சிறுவர் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டைக் கூர்ந்து நோக்கி 1932ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தனித்து ஆடுதல், பிறர் ஆடுவதைப் பார்த்திருத்தல், அருகருகே இருந்து தம்தம் ஆட்டத்தை ஆடுதல், பொருளையும் பேச்சையும் பரிமாறி ஆடுதல், ஒரு நோக்கத்தோடு கூடி ஆடுதல் என அவர் வகைப்படுத்தினார். இளங்குழந்தைகளிடம் அருகருகே இருந்து தனித்து ஆடும் ஆட்டமே மிகுதி. இரண்டு வயதில் பக்கத்தில் இருப்பதே நட்பு. ஒருவன் கிண்ணத்தைத் தட்டினால் சிறிது நேரம் கழித்து மற்றவனும் தட்டுவான். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். 'பகிர்ந்து கொடு, பகிர்ந்து கொடு' என்று நாம் அதட்ட வேண்டுவதில்லை. ஒரே வகைக் கிண்ணம் இரண்டை வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஒழிந்துவிடும்.

சண்டையும் வந்தது. ஒரு குழந்தை மற்றொன்றின் கையைக் கடித்துவிட்டது. பல் பதிந்த சிவப்பு மாறுமுன்னே அவ்விருவரும் மீண்டும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் ஏறி அமர்ந்தார்கள். அவர்களுடைய தாய்மார் இருவரும் ஒரு திங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதை இன்று அவ்விருவருமே முன்வரிசையில் அமர்ந்து சிரித்துக்கொண்டு கேட்கின்றனர். கூட்டு வாழ்வு கற்க வேண்டியவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர் என்பதை அவர்களிடமிருந்தே யாம் கற்றோம்.

இனி, யாம் தலைகுனிந்து சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. நம் குடியிருப்பின் வாயிலிலிருந்து முந்நூறு அடி தொலைவில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக நம்மவர் எவரும் அங்குக் குழந்தையை அனுப்பியதில்லை. 'அது ஏழைகளுக்கானது' என்றோம். 'அங்கே கஞ்சிதான் ஊற்றுவார்கள்' என்றோம். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தவர்கூட நம்மில் இல்லை.

அங்கன்வாடி என்பது யாது? 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. ஊட்ட உணவு, தடுப்பூசி, உடல்நல ஆய்வு, மேல் மருத்துவத்துக்கு அனுப்புதல், தாய்மார்க்கு நலக்கல்வி, பள்ளிக்கு முந்திய கல்வி என அறுவகைப் பணிகள் அதற்கு உரியன. கேரளத்தில் மட்டும் இன்று 33,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் நாள்தோறும் அங்கு ஆடிப்பாடி, உண்டு வருகின்றனர். கட்டணம் இல்லை. ஆறு திங்கள் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் குடும்பஸ்ரீ மகளிர் தயாரிக்கும் 'அமிர்தம்' ஊட்டமாவு வீட்டுக்கே கொடுக்கப்படுகிறது. எடையும் உயரமும் பார்த்துக் குறிக்கப்படுகின்றன. கஞ்சி என்று நாம் இகழ்ந்த உணவிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில், அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணி வேண்டும் என்று ஒரு சிறுவன் மழலையில் கேட்டது கேரளம் முழுதும் பரவிற்று. அவ்வாண்டு சூன் திங்களில் அரசு உணவுப் பட்டியலைத் திருத்தி முட்டைப் பிரியாணியையும் சேர்த்தது. ஒரு மழலைச் சொல்லுக்கு அரசு செவிசாய்த்தது. நாமோ முந்நூறு அடி நடக்க மனம் கொள்ளவில்லை.

நம் நால்வரும் எடை பார்க்கும் நாளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சென்றோம். பாலக்காட்டுக்கே உரிய தமிழ் கலந்த மலையாளத்தில், 'வாங்கோ, உட்காருங்கோ' என்று டீச்சர் வரவேற்றார். மூன்று வயது நிறையாதவர்களைப் பள்ளிப் பிள்ளைகளாகச் சேர்க்க விதியில்லை. ஆயினும் தாய்மார் உடனிருந்தால் அன்றைக்குச் சற்று நேரம் விளையாட விடலாம் என்றார். அவ்வொரு மணி நேரத்தில் நம் குழந்தைகள் பதினைந்து குழந்தைகளைக் கண்டார்கள். கட்டிலுக்கடியில் ஒளிந்த அச்சிறுவன், வாயிற்படியில் நெடுநேரம் நின்று பார்த்தான். பிறகு தானாகச் சென்று ஒரு சிறுமியின் அருகே அமர்ந்து, அவள் அடுக்கிய கட்டைகளை ஒரே தள்ளாகத் தள்ளினான். அவள் 'டீச்சரே!' என்று கூவினாள். எமக்குச் சிற்றில் பருவம் நினைவுக்கு வந்தது! அவன் தாய் ஓடிச்சென்று அடிக்கவில்லை, அழுதுகொண்டே சிரித்தார்.

அவனுக்கு மூன்று வயது நிறைந்து, இப்போது நாள்தோறும் அங்கன்வாடிக்குச் செல்கிறான். அதனால் ஒரு புதிய கவலை பிறந்தது. ஊரிலிருந்து வந்த அவனுடைய அப்பத்தாவிடம், 'வெள்ளம் வேணும்' என்றான். தேனி மாவட்டத்து மூதாட்டி, 'வெள்ளமா? எங்கேடா வெள்ளம்?' என்று திடுக்கிட்டு எழுந்தார். அவன் கேட்டது குடிக்கும் தண்ணீரை! வீடு முழுதும் சிரித்தது. ஆயினும் அன்றிரவு, 'பேரன் தமிழை மறந்துவிடுவானோ?' என்று அம்மூதாட்டி மகனிடம் கேட்டாராம். அக்கேள்வியைச் சிரித்துத் தள்ள யாம் விரும்பவில்லை. இச்சங்கம் தோன்றியதே அக்கேள்வியால் அன்றோ?

யாம் எண்ணிப் பார்த்த அளவில் விடை இது. குழந்தைக்கு இரண்டு மொழி சுமையன்று. நாம் எல்லைப்புறத்தில் கண்கூடாகக் காண்பது அது. சிற்றூர் வட்டத்துப் பிள்ளைகள் சந்தையில் ஒன்றும் அடுக்களையில் ஒன்றும் பேசி வளர்ந்தவர்கள்தாமே? மலையாளத்தில் விளையாட்டைக் 'களி' என்கிறார்கள்; தமிழில் களி என்றால் மகிழ்ச்சி. தோழனைக் 'கூட்டுகாரன்' என்கிறார்கள். கூட்டு நம் சொல்தான். விளையாட்டுத் தோழனிடமிருந்து கற்கும் மொழி பகைமொழியாகாது. தமிழ் மறைவது குழந்தை வெளியே மலையாளம் கேட்பதால் அன்று. வீட்டிலும் திண்ணையிலும் தமிழ் கேளாததால். தமிழ் பேசி ஆடும் கூட்டம் வாரத்தில் இரு நாள் இருக்குமாயின், அங்கன்வாடி கொடுக்கும் மொழி ஊதியமே, இழப்பில்லை. நியூசிலாந்தில் மவோரி மக்கள் தம் மொழி தேய்வதைக் கண்டு 1982ஆம் ஆண்டு 'மொழிக்கூடு' என்னும் பொருளுடைய பெயரால் சிறுகுழந்தைக் கூடங்களைத் தொடங்கினார்கள். முதியோர் அமர்ந்து மவோரி மொழியில் பேச, குழந்தைகள் அவர்களைச் சுற்றி விளையாடின. நம் குடியிருப்பில் ஊரிலிருந்து வந்து, பொழுதுபோகாமல் சன்னல் வழியே பார்த்திருக்கும் அப்பத்தாக்களும் தாத்தாக்களும் எத்தனை பேர்! திண்ணைக் கூட்டத்துக்கு அவர்களைத் தலைமை தாங்கச் செய்வோம்.

எளியோர் தம் பிள்ளைகளுக்காகத் தாமே வழி கண்ட வரலாறு வேறு இடங்களிலும் உண்டு. 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமை நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் ஓர் அறையில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைக் கெடுத்த பிள்ளைகளைக் கூட்டி வைக்க எழுந்த ஏற்பாடு அது. அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போரின்போது சில காலம் கோடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளை நோக்கி ஆய்ந்தார். நம் வட்டவடைக்குக் கிழக்கே மலைமுகட்டுக்கு அப்பால் உள்ளது அவ்வூர். பெரிய குழந்தையிடம் சிறிய குழந்தை கற்கும் என்பது அவர் வற்புறுத்திய உண்மைகளுள் ஒன்று. ஆதலின் ஒரே வயதுப் பிள்ளைகள் கிடைக்கவில்லையே என்று நாம் வருந்த வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் 1961ஆம் ஆண்டு பெல் டூட்டேவ் என்னும் இலண்டன் தாய், அரசுச் சிறுவர் பள்ளி போதிய அளவில் இல்லாமையால், தாய்மாரே முறைவைத்துப் பிள்ளைகளைக் கூட்டும் விளையாட்டுக் குழுவை அமைத்து, அதனைப் பற்றிக் கார்டியன் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஊர் ஊராகத் தாய்மார் அவ்வழியைப் பின்பற்றினர். நம் நாட்டிலும் 1969ஆம் ஆண்டு, தில்லியில் கட்டட வேலைத்தளத்தில் கூலிப்பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அம்மையார், கூடாரம் ஒன்றில் நடமாடும் காப்பகத்தைத் தொடங்கினார். வேலை முடிந்து தாய்மார் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தால் காப்பகமும் பெயரும்.

இதைச் சொல்லும்போது மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் மதிலுக்கு வெளியே பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் சில குடியிருக்கின்றன. நம் முன்னோர் மொழி தெரியாத ஊரில் மூட்டையோடு வந்திறங்கிய நிலை இன்று அவர்களுக்கு. அவர்களுடைய குழந்தைகளும் கதவுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்க்கின்றன. நம் திண்ணையில் அவர்களுக்கும் இடம் உண்டு என்று சொல்லும் பெருந்தன்மை நம் சங்கத்துக்கு இருத்தல் வேண்டும்.

எச்சரிக்கையாகச் சில சொற்கள். காய்ச்சலோ சளியோ உள்ள குழந்தையை அன்று வீட்டில் வைத்துக்கொள்வது பிற தாய்மார்க்குச் செய்யும் மரியாதை. தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டிருத்தல் வேண்டும். மணி, காசு, நிலக்கடலை போன்றவை பாயில் இருக்கலாகாது. தண்ணீர் நிறைந்த வாளி அருகில் இருக்கலாகாது. ஒரு சாண் நீரும் சிறு குழந்தைக்கு ஆழமே. பேச்சு சுவையாக இருப்பினும் ஒருவர் கண் எப்போதும் பிள்ளைகள்மேல் இருக்கட்டும். புதிதாக வரும் குழந்தையை விட்டுவிட்டு ஓடி வராமல், அது தானாக மடியை விட்டு இறங்கும்வரை தாய் அமர்ந்திருக்கட்டும். மேலும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் வயதுக்கேற்ற பேச்சில்லாமலும் இருக்கும் குழந்தைக்குக் கூட்டம் மட்டும் மருந்தாகாது. மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் இத்தகைய ஆய்வு அரசு வழியே கட்டணமின்றிக் கிடைக்கிறது.

முடிவாக, இச்சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: ஞாயிறு மாலை மட்டும் திறக்கும் நம் சங்கக் கூடத்தை, வாரத்தில் இரு நாள் காலையில் இரண்டு மணி நேரம் சிறு குழந்தைகளுக்காகத் திறந்து விடுக. ஒரு பாயும் துடைப்பமும் போதும். துடைத்துக் கொடுக்கும் பொறுப்பு எம்முடையது. இரண்டு: அண்டையிலுள்ள அங்கன்வாடிக்கு இவ்வாண்டு முதல் நம் குழந்தைகளை அனுப்புவோம். வசதியுடையவர் குழந்தையும் இல்லாதவர் குழந்தையும் ஒரே வரிசையில் அமர்ந்தால்தான் அவ்விடம் மேலும் சிறக்கும். குறை இருப்பின் கேட்கும் உரிமையும் நமக்கு வரும். மூன்று: தந்தையரே, நீங்களும் ஒரு நாள் திண்ணைக் கூட்டத்துக்கு வருக. முறைவேலை முடிந்த பகலில் அரைமணி நேரம் பாயில் அமர்ந்து, ஒரு துணிப்பந்தை உருட்டிப் பாருங்கள். உறக்கம் கெட்டதற்கு வருந்த மாட்டீர்கள்.

நிலவை அழைப்பதை நாம் விட வேண்டுவதில்லை. இன்றிரவும் குழந்தையை இடுப்பில் ஏந்தி மாடியில் நின்று அழைப்போம். ஆனால் நாளைக் காலையில் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவோம். அம்புலி வாராது, அடுத்த வீட்டுப் பிள்ளை வரும்.